பாதிப் போருக்கு மட்டும் விசா

போன மாதம் லண்டன் டூட்டிங்கில் எனக்குக் கொத்து ரொட்டி வாங்கித் தந்து, "மாஸ்டர், புதுசா வந்த எங்களுக்கு உங்கடை அனுபவத்திலை நாலு விசயம் எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். கொத்து நன்றாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். ஆனாலும், சுற்றுலாக் கோச் பஸ்ஸின் முன்பக்கத்தில் மைக்கைப் பிடித்து நின்று ஆட்களுக்கு இடம் காட்டும் வேலையை எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்பது, வழுக்கைத் தலையனிடம் தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறீர்கள் என்று கேட்பதுபோலத்தான்.

பாதை, ஹோட்டல், கப்பல் நேரம், சாப்பாட்டு ஒழுங்கு எல்லாவற்றையும் உங்களுக்கு இப்போது கம்பியூட்டரே சொல்லித் தருகிறது. அதில் நான் தலையிடப்போவதில்லை. கோச் நிறைய ஆட்கள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் மூளை வேலைநிறுத்தம் செய்தால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் மூளை அடிக்கடி வேலைநிறுத்தம் செய்த மூளை.

நான் ஊரில் சரித்திர வாத்தியார். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, எல்லோரையும்போலப் பெற்றோல் நிலையத்தில் நின்றேன். பிறகு தென் லண்டனில் ஒரு சின்னச் சுற்றுலாக் கொம்பனி சூட்கேஸ் தூக்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரரைக் கோச்சில் ஏற்றி, ஐரோப்பாவின் பழைய போர்க்களங்களைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவது அவர்களின் தொழில். சூட்கேஸ் தூக்க வந்தவன் வாயை மூடிக்கொண்டு தூக்கியிருக்கலாம். முதலாளியம்மாவிடம் நான் சரித்திர ஆசிரியர் என்று பெருமை அடித்தேன். அவர் அதை மறக்கவில்லை. அடுத்த கோடையில் வழிகாட்டி இடுப்பை அசைக்க விடாத நாரிப்பிடிப்பு வந்து படுத்துவிட, மைக் என் கைக்கு வந்தது.

அந்தப் பயணம் ஸ்பிஷெரனுக்கு. பிரான்சும் பிரஷ்யாவும் 1870இல் மோதிக்கொண்ட போரின் தொடக்கத்தில் பெரிய சண்டை நடந்த மேட்டுநிலம் அது. மேலே நிற்பது பிரான்சில். சரிவில் இறங்கினால் ஜேர்மனி. அடியில் சார்புரூக்கன் பட்டணம். பிரெஞ்சுப் படை மேலே இருந்தது. ஜேர்மன்காரர் கீழேயிருந்து செங்குத்தான செம்மண் சரிவில் ஏறிவந்தார்கள். இந்தப் போரை நான் ஊரில் பல வருடம் படிப்பித்திருக்கிறேன், ஒரேயொரு வசனத்தில். சோதனைக்கு அவ்வளவுதான் வரும்.

மேட்டில் நின்று கையை நீட்டி, "அதோ, அந்தத் திசையிலிருந்துதான் ஜேர்மன் படை வந்தது" என்று முழங்கினேன். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் மிகவும் மரியாதையாக, அந்தத் திசை பாரிஸ் பக்கம் அல்லவா, ஜேர்மன்காரர் அங்கேயிருந்து வந்திருந்தால் போர் தொடங்க முன்னமே வென்றுவிட்டார்கள் என்றல்லவா அர்த்தம் என்று கேட்டார். எனக்கு முன்னால் வெறும் கோதுமை வயல். பின்னால், என் முதுகுக்குக் கீழே, சார்புரூக்கன் பட்டணமே தெரிந்தது. நான் திரும்பி நின்று, "இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம்" என்றேன். வாத்தியார் தொழிலில் கற்ற ஒரே வித்தை அது. மைக்கைத் தொடுமுன் எந்தப் பக்கம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பல் டாக்டர் கோபிக்கவில்லை. வருடாவருடம் என் கோச்சுக்கே வந்தார். இறந்தவர் எல்லாரும் தன்னுடைய பழைய நோயாளிகள் என்பதுபோல ஒவ்வொரு படைப்பிரிவையும் பற்றிப் பேசுவார். பேசத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடு. அவரிடம் நான் நிறையக் கற்றேன்; அதைவிட நிறையக் கொட்டாவி விட்டேன்.

எனக்கு இன்னொரு குறை இருந்தது. அந்தக் காலத்தில் என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை. அகதிகளுக்குத் தரும் பயணப் பத்திரம்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விசா வேண்டும். எங்கள் பயணம் பிரான்சோடு முடிவதால் பிரெஞ்சு விசா மட்டும் எடுப்பேன். அதாவது, இரண்டு நாடு சண்டை பிடித்த களத்தில் பாதிப் போருக்கு மட்டும்தான் எனக்கு விசா. ஜேர்மன்காரர் புறப்பட்ட அடிவாரத்தை நான் கண்ணால் கண்டதே இல்லை. கண்டதுபோலப் பேசுவேன்.

இனி ஒரு கலியாணக் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் ஒரு மூலைக்கடையில் ஒரு அக்கா வேலை செய்தார். கணவர் ஊரிலேயே காலமாகிவிட்டார். மகள் சுமதி அவரோடு லண்டனில். ஒரே மகன் ரமணன் எப்படியோ ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். தாய்க்கும் மகனுக்கும் இடையில் வாரம் ஒரு டெலிபோன் மட்டும். நான் அந்தக் கடைக்கு, காலையில் வெண்ணெய் பூசித் தின்னப் பாண் வாங்கப் போவேன். போர்க்களக் கதைகளைக் கேட்க வீட்டில் ஆளில்லாதபடியால் அவரிடம் சொல்லுவேன்.

சுமதிக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. எங்கள் வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மாப்பிள்ளை மண்டபத்து வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று அவருடைய காலைக் கழுவுவான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். பிறகு தோழன் கையைப் பிடித்து மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போவான். ரமணனின் அகதி வழக்கு முடியவில்லை. சார்புரூக்கன் பக்கத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவனுக்கு நிபந்தனை. போனால் வழக்குப் பாழ். சித்தப்பாவின் மகன் ஒருவன் டூட்டிங்கில் இருக்கிறான், அவன் கழுவட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா மசியவில்லை.

"என்ரை பிள்ளை உயிரோடை இருக்கேக்கை, அவன்ரை இடத்திலை நான் ஏன் இன்னொருத்தனை நிப்பாட்டோணும்?"

இதனால் கலியாணம் இரண்டு தடவை தள்ளிப்போனது. மூன்றாம் முறை லண்டன் சட்டனில் மண்டபம் எடுத்தபோது, இது தவறினால் வேறு பெண் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு இக்கட்டான நேரத்தில் நான் பாண் வாங்கப் போய், வழக்கம்போலக் கதை அளந்தேன். அந்தக் களத்தில் எல்லைக் கல் சரிவின் நடுவில் இருக்கிறது, வேலியில்லை, மதிலில்லை, இந்தப் பக்கம் நிற்பவன் அந்தப் பக்கம் நிற்பவனோடு கைகுலுக்கலாம் என்று. அக்கா பாணைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அது எந்த ஊருக்குப் பக்கம் என்று கேட்டார். சார்புரூக்கன் என்றேன்.

"அப்ப ரமணன் கல்லுக்கு அங்காலை வந்து நிக்கலாமோ?"

"நிக்கலாம்தானே அக்கா," என்றேன். உபசாரத்துக்குச் சொன்ன பதில் அது. வாயில் வந்ததைச் சொல்வதற்கும் வாக்குக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கேட்பவருக்கு வித்தியாசம் இல்லை. அடுத்த வாரம் முதலாளியம்மா, உங்கள் ஆட்கள் மூன்று பேர் ஸ்பிஷெரன் பயணத்துக்குப் பதிந்திருக்கிறார்கள், சரித்திரத்தில் இவ்வளவு ஆர்வமா என்று சந்தோஷமாகக் கேட்டார்.

புறப்படும் நாள் விடியற்காலையில் அக்கா, சுமதி, மாப்பிள்ளை மூவரும் என்னைப்போலவே பிரெஞ்சு விசா மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினார். அக்காவின் பையில் செம்பு, தாம்பாளம், மஞ்சள், குங்குமம், வேட்டி. தாலி கட்டாத இரண்டு பேர் ஒரே கோச்சில் பயணம் செய்வதால் அக்கா பிரான்ஸ் வரைக்கும் இருவருக்கும் நடுவிலேயே இருந்தார். நான் மைக்கில் பிரெஞ்சுக்காரரின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல, பின்வரிசையில் அக்கா கல்லுப்போன்ற பொரிவிளாங்காய் உருண்டைகளைப் பங்கிட்டார். வெள்ளைக்காரர் துப்பாக்கியை மறந்து பொரிவிளாங்காயைக் கடிக்கத் தொடங்கினார்கள். கடித்தவர்களில் ஒருவருடைய பல் ஆடத் தொடங்க, பல் டாக்டருக்கும் வேலை வந்தது.

ரமணனுக்குச் செய்தி நான் சொல்லி அக்கா டெலிபோனில் சொன்னது: "சண்டையில் செத்த ஆட்களின் நினைவுத்தூண் இருக்கிற இடத்துக்கு மத்தியானம் வா." என் மனத்தில் இருந்தது மேட்டு விளிம்புத் தூண். அதற்குக் கீழேதான் எல்லைக் கல்.

மத்தியானம் வந்தது. ரமணன் வரவில்லை. மாப்பிள்ளை வேட்டி கட்டி நிற்கிறார். சுமதி கூறைச்சேலை இல்லாவிட்டாலும் நல்ல பட்டுச்சேலையில் நிற்கிறாள். அக்கா செம்பில் தண்ணீரோடு கல்லுக்குப் பக்கத்தில் நின்று சரிவைப் பார்த்தபடி இருக்கிறார். நான் வெள்ளைக்காரருக்குச் சண்டையைச் சொல்லி முடித்து, முடிந்த சண்டையை மறுபடி தொடங்கினேன். சாரதி மணிக்கூட்டைக் காட்டினார். அவருக்குச் சட்டப்படி இத்தனை மணித்தியாலம்தான் ஓட்டலாம். பிந்தினால் கப்பலும் இல்லை.

பல் டாக்டர் என்னருகே வந்து, யாரை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எந்த நினைவுத்தூணுக்கு வரச் சொன்னீர்கள் என்றார். நினைவுத்தூணுக்குத்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை, சொத்தைப் பல்லைப் பார்க்கும்போது பார்ப்பார் என்று நினைக்கிறேன். கீழே ஜேர்மன் பக்கத்து அடிவாரத்தில், ஒரு பூங்காவுக்குள், அந்தச் சண்டையில் செத்தவர்களின் மயானமே இருக்கிறதாம். அங்கேயும் நினைவுச்சின்னம் இருக்கிறதாம். சார்புரூக்கனில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்களாம். நான் காணாத பாதிப் போர் அங்கே இருந்தது.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. நானே கீழே ஓடிப் போகலாம் என்றால், விசா இல்லை. பிடிபட்டால் என் வேலை மட்டுமல்ல, கோச்சோடு வந்த எல்லோருடைய பயணமும் அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வழிகாட்டி செய்யவேண்டியதைச் செய்தேன். மைக்கே இல்லாமல் வெள்ளைக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். தப்பு என்னுடையது, ஒரு தாய் நிற்கிறார், கீழே ஒரு பிள்ளை நிற்கிறான், எனக்கு அந்தப் பக்கம் போக ஏலாது, உங்களால் ஏலும் என்று. தெரியாததை எல்லாம் தெரிந்ததுபோலச் சொன்ன வருடங்களில் யாரும் இவ்வளவு கவனமாக என்னைக் கேட்டதில்லை.

பல் டாக்டர் குடையை எடுத்தார். இன்னும் இரண்டு பேர் கைத்தடியோடு சேர்ந்தார்கள். பையன் எப்படி இருப்பான் என்று கேட்டதற்கு, ஜேர்மன் மயானத்தில் தனியாக நிற்கும் தமிழனைத் தேடுங்கள், பெரும்பாலும் ஒருவன்தான் இருப்பான் என்றேன். ஜேர்மன் படை ஏறிவந்த சரிவில், பிரிட்டிஷ் ஓய்வூதியர் படை ஒன்று பிரான்சிலிருந்து ஜேர்மனிக்குள் இறங்கியது. சாரதி தலையில் கைவைத்துக்கொண்டு கோச்சுக்குள் போய்ப் படுத்தார்.

காத்திருந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது. சுமதி அழத் தொடங்கினாள். மாப்பிள்ளை அவளுக்குத் தன் லேஞ்சியைக் கொடுத்தார். அக்கா அதைத் தடுக்கவில்லை. கடைசியில் மரங்களுக்கிடையில் குடை தெரிந்தது. அதற்குப் பின்னால், கோட்டும் டையும் கட்டி, கையில் ஒரு சின்னப் பூக்கொத்தோடு, மெலிந்த ஒரு பொடியன்.

அவன் கல்லுக்கு அங்கால் நின்றான். அக்கா கல்லுக்கு இங்கால் நின்றார். "வளந்திட்டாய்," என்றார். அவன் ஓம் என்று தலையாட்டினான். நான் உடனே என் வழிகாட்டிக் குரலை எடுத்து, யாரும் கல்லைத் தாண்டக்கூடாது, மாப்பிள்ளைக்கு அங்கால் விசா இல்லை, ரமணனுக்கு இங்கால் அனுமதி இல்லை, இரண்டு பேரும் தங்கள் தங்கள் நாட்டில் நின்று காரியத்தை முடிக்கவேண்டும் என்று ஒழுங்கு செய்தேன். மாப்பிள்ளை பல் டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு பிரான்சில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலை ஜேர்மனிக்குள் நீட்டினார். அங்கே தாம்பாளம். ரமணன் குந்தியிருந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினான். வெள்ளைக்காரர் தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாம் கால் நீட்டும்போது கீழேயிருந்து ஒரு ஜேர்மன் சுங்க அதிகாரி நாயோடு ஏறிவந்தார்.

பிள்ளைகளே, நெருக்கடியில் நான் என்ன செய்தேன் என்று பாருங்கள், அதைச் செய்யாதீர்கள். போரில் இறந்த வீரர்களுக்கு எங்கள் நாட்டு முறைப்படி அஞ்சலி செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி தாம்பாளத்தைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், மாப்பிள்ளை கையிலிருந்த தங்க மோதிரத்தைப் பார்த்தார், பட்டுச்சேலையைப் பார்த்தார். பெண் எந்தப் பக்கத்தவள் என்று கேட்டார். பட்டுச்சேலையில் ஒரு பெண் பக்கத்தில் நிற்கும்போது பொய் சொல்லக்கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பல் டாக்டர் தன் அரைகுறை ஜேர்மனில் உண்மையைச் சொன்னார். அதிகாரி ரமணனின் பத்திரத்தை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவன் நிற்கவேண்டிய இடத்தில்தான் நின்றான். பிறகு மாப்பிள்ளையின் ஈரக் காலைக் காட்டி ஏதோ சொன்னார். கழுவி முடிந்ததும் இந்தக் கால் பிரான்சுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொன்னாராம். மோதிரத்துக்குத் தீர்வை கேட்பாரோ என்று நான் பயந்தேன். அவர் கேட்கவில்லை.

மோதிரம் போட்டாகிவிட்டது. வழக்கப்படி ரமணன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தான். அழைத்துப் போகவேண்டும். ஒரு அடி எடுத்தால் பிரான்ஸ். அவன் கால் எழுந்தது. அதிகாரி வேண்டாம் என்று தலையை மெதுவாக ஆட்டினார்.

"தம்பி, கையை விடு," என்றேன். அந்த வேலையில் எத்தனையோ முட்டாள்தனம் பேசியிருக்கிறேன். நான் பேசியவற்றில் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு வலிப்பது சரியாகச் சொன்ன இந்த மூன்று சொல்லுக்குத்தான். அவன் விட்டான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கையிலிருந்த மோதிரத்தைப் பார்த்தான்.

அப்போது அக்கா செம்பைக் கீழே வைத்தார்.

"அக்கா, அங்காலை போகாதேங்கோ. விசா இல்லை."

"தெரியும், மாஸ்டர்," என்று சொல்லிவிட்டுக் கல்லைத் தாண்டிப் போனார்.

நான் கோடு, கால், நாடு என்று சட்டம் வகுத்துக்கொண்டு நின்றேன். அவர் கடைக்குப் போகிறவர்போல நடந்தார். போய் மகனின் ஈரக் கைகளைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் தாயின் தோளில் சாய்ந்து சத்தமாக அழுதான்.

அதிகாரியின் கை இடுப்புப் பக்கம் போனது. வோக்கிடோக்கி அங்கேதான் இருந்தது. அந்த நேரம் பல் டாக்டர் அவருடைய முழங்கையைத் தொட்டு, இந்தச் சரிவில் ஏறிய முதல் படைப்பிரிவு எது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று அதிகாரி சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் அவரை மறுபக்கம் திருப்பி, முதுகைத் தாய்க்கும் மகனுக்கும் காட்டும்படி நிறுத்தி, குடையை நீட்டிப் போரைத் தொடங்கினார். ஒரு படைப்பிரிவையும் விடவில்லை. பிரெஞ்சுப் பெயர் கொண்ட ஜேர்மன் தளபதி தன் ஆட்களுக்கு முன்னால் ஏறிச் செத்ததைச் சொன்னார். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படைகள் உதவிக்கு வராததைச் சொன்னார். தோற்காத பிரெஞ்சுக்காரர் இருட்டும் நேரம் பின்வாங்கியதைச் சொன்னார். சொன்னதைத் திரும்பவும் சொன்னார். வருடக்கணக்காக எனக்குக் கொட்டாவி வரவைத்த அதே கதை. அன்றைக்கு அது முடியக்கூடாது என்று நான் பிள்ளையாரை வேண்டினேன். அதிகாரி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாய்தான் பார்த்தது. கதையை எங்கே சுருக்குவது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எங்கே நீட்டுவது என்பதை நான் அந்தச் சரிவில்தான் படித்தேன்.

மேலே சாரதி ஹோர்ன் அடித்தார். அக்கா தானாகவே திரும்பி வந்தார். சரிவில் அவர் சறுக்கப் பார்த்தபோது அதிகாரிதான் கைகொடுத்துப் பிரான்சுக்குள் ஏற்றிவிட்டார். ரமணன் கொண்டுவந்த பூக்கொத்தைச் சுமதியிடம் கொடுக்க மறந்து நின்றான். பல் டாக்டர் வாங்கிக் கொடுத்தார். கோச் திரும்பும்வரை அவன் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றான். நான் மைக்கை எடுத்தேன். அணைத்துவிட்டு இருந்தேன்.

கலியாண நாளில் சட்டன் மண்டபத்துக்கு, போர்க்களத்துக்கு வந்த வெள்ளைக்காரர் எல்லோரும் வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். ஐயர், தோழனைக் கூப்பிடுங்கோ, கால் கழுவவேணும் என்றார். சித்தப்பாவின் மகனான டூட்டிங் பொடியன் என்ன செய்வதென்று தெரியாமல் செம்போடு நின்றான். கணவரை இழந்தவர்கள் மங்கல காரியத்தில் முன்னுக்கு வருவதில்லை என்பதால், அக்கா பின்னால் கதிரைகளுக்கு அருகே ஒதுங்கி நின்றிருந்தார். அங்கிருந்து எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவன் கழுவிப்போட்டான், ஐயா. கூட்டிக்கொண்டு வாறதுதான் மிச்சம்," என்று சொல்லி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அவரே அழைத்துப் போனார். ஐயர் விலகி வழிவிட்டார்.